எல்லையம்மன் வளைவு

சானந்த், குஜராத்
6 அக்டோபர் 2024

திருமலை அண்ணாச்சிக்கு,

நம்பிராஜன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், மீதியையும் படித்துவிடுங்கள்.

கம்பெனி என்னை இந்த ஊர் பிளான்டுக்குத் தூக்கிப்போட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. உங்களுக்குப் போன் செய்தால் போகவே இல்லை. டவர் கோளாறு என்று நினைத்தேன். பக்கத்து அறைக்காரன் போனிலிருந்து அடித்தால் ஜோராக மணி அடிக்கிறது. அப்போதுதான் என்னை பிளாக் செய்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. உங்கள் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்தவன், உங்களோடு சேர்ந்து ஒரு ரயில்வேயையே கட்டியவன், இப்போது காரணம் தெரியாமல் வெளியே நிற்கிறேன்.

கோவிலை எடுத்ததற்காகக் கோபம் என்றால் அதற்கு என் பக்கத்தையும் கேளுங்கள். நம் லைன் சிங்கப்பெருமாள் கோவிலில் புறப்பட்டு, ஒரகடம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் போகிறது. நிஜத்தில் வராத ரயிலை மாடி அறை மேஜை மேல் குட்டி மாடலாக நாமே விட்டுவிடலாம் என்று ஆரம்பித்தோம். எஞ்சின் ஓடுகிறது, தடம் மாற்றும் பாயின்ட் விழுகிறது, சிக்னல் எரிகிறது. ஒரே ஓர் இடத்தில்தான் மானம் போகிறது. ஒரகடம் தாண்டி ஏரிக்கரைக்குத் திரும்பும் இடத்தில், எல்லையம்மன் கோவிலை ஒட்டிப் போகிற வளைவு. அது அவ்வளவு இறுக்கம். நீளமான பயணிகள் பெட்டிகள் அங்கே மூலைக்கு மூலை இடித்துக்கொண்டு தண்டவாளத்தை விட்டு ஏறிவிடுகின்றன.

முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை டைம்டேபிள்படி, ஒரு பெட்டியையும் விரலால் தொடாமல் ஒரு முழு நாளை ஓட்டினால்தான் இது ரயில்வே, அதுவரைக்கும் இது விளையாட்டுச் சாமான் என்று சட்டம் போட்டவர் நீங்கள். அப்படி ஒரு நாள் நமக்கு வாய்க்கவே இல்லை. எல்லாம் அந்த வளைவால்.

ஆவணியில் நீங்களும் மதினியும் வாலாஜாபாத் கல்யாணத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கே கடைசி நாள். ஓடுகிற ரயிலை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்றுதான் ஹாக்ஸா பிளேடால் கோவிலின் அடிப்பலகையை அறுத்து எடுத்தேன். நாலு விரற்கடை தள்ளி ஒட்டுவதற்குள் பொழுது போய்விட்டது. அதனால் பேப்பரில் சுற்றி, மேஜைக்கு அடியில் தண்டவாளத் துண்டுகள் கிடக்கும் அட்டைப்பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலையில் நான் பையோடு கேட்டில் நிற்கிறேன், நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். மதினி வெளியிலேயே வரவில்லை. ஒரு பெட்டியும் ஒரு பையுமாக ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

புது வளைவுக்கான தண்டவாளத்தை அளந்து வெட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். அதைப் போட்டீர்களா? வண்டி திரும்பியதா? அதையாவது எழுதுங்கள்.

நம்பிராஜன்


படப்பை
14 அக்டோபர் 2024

நம்பி,

கிழிக்கத்தான் எடுத்தேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷிப்டு ஆட்கள் இறங்கிவரும் வரைக்கும் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருந்ததால் படித்துத் தொலைத்தேன்.

பிளாக் செய்தது நான்தான். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நீ கத்துவாய், மூன்றாவது நிமிடம் நான் கத்துவேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு ரத்தக் கொதிப்பு ஆகாது. எழுதினால் கத்துவதற்கு நேரம் பிடிக்கும், அதனால் எழுது.

உன் கடிதத்தில் நீ பெரிய இஞ்சினியர், வளைவு இறுக்கம், பெட்டி நீளம், எல்லாம் இருக்கிறது. கல்யாண வீட்டிலிருந்து நாங்கள் வரும்வரைக்கும் காத்திருந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பது மட்டும் எங்கும் இல்லை. அன்று மாலை மரகதம் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல், கல்யாண வீட்டுப் பூவை வைக்கலாம் என்று மேலே போனாள். கோவில் இருந்த இடத்தில் ஓட்டை. நீ குளிக்கப் போயிருந்தாய். அட்டைப்பெட்டியைக் குடைந்து, துருப்பிடித்த கம்பிக்குள்ளிருந்து அதை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் உன்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் அன்றைக்கே கை நீண்டிருக்கும்.

இப்போது கேட்டுக்கொள். கோவிலைப் பழைய இடத்திலேயே ஃபெவிகால் போட்டு ஒட்டிவிட்டேன். பழைய வளைவும் அங்கேயேதான் இருக்கிறது. உன் புதுத் தண்டவாளம் அலமாரியில் தூங்குகிறது, தூங்கட்டும்.

ஆயுத பூஜைக்கு என் பஸ்ஸுக்குப் பொட்டு வைத்தாள், கிரைண்டருக்கு வைத்தாள், போர் மோட்டாருக்கும் வைத்தாள். மாடி ஏறவில்லை. போன வருடம் உன் ஸ்க்ரூ டிரைவருக்கெல்லாம் சந்தனம் தடவியவள். மறுநாள் சோறு போடும்போது சொன்னாள்: “தை பொறக்கறதுக்குள்ள அந்த ரயிலு ஒயுங்கா ஓடணும். இல்லாங்காட்டி எல்லாத்தையும் பிரிச்சிடுங்க. ரூமை நான் கம்பெனிப் பசங்களுக்கு விட்டுடறேன்.”

அவள் சொன்னால் செய்வாள். ஆகவே கோவிலைத் தொடாமல் அந்த வளைவில் வண்டியைத் திருப்ப வழி இருந்தால் எழுது. கோவிலை நகர்த்து என்று எழுதுவதாக இருந்தால் ஸ்டாம்ப் வாங்காதே.

திருமலை


சானந்த்
27 அக்டோபர் 2024

அண்ணாச்சி,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பலன் இருக்கும் என்று நம்பி எழுதவில்லை.

ஒவ்வொரு பெட்டிக்கு உள்ளேயும் நடுவில் ஒரு நட்டை ஒட்டிக் கனம் கூட்டுங்கள். ஓரத்தில் ஒட்டினால் சாய்ந்துவிடும், நடுவில். சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை நான் விட்டுவந்த அளவுகோலால் பாருங்கள். வெளிப்பக்கத் தண்டவாளத்தின் அடியில் மெல்லிய அட்டை கொடுத்து ஒரு மயிரிழை உயர்த்துங்கள். வளைவுக்கு முன்னாலேயே கன்ட்ரோலரில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நீங்கள் வளைவுக்குள் போன பிறகு குறைக்கிறீர்கள், அது பஸ் பழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் மதினி கோவிலுக்கு ஏற்றும் ஊதுபத்தியின் சாம்பல் தண்டவாளத்தில் விழுந்து கரண்ட் எடுக்காமல் போகிறது, அதையும் துடையுங்கள்.

இத்தனையும் செய்தாலும் வண்டி திரும்பாது. அந்தப் பெட்டியின் நீளத்துக்கு அந்த வளைவு ஆகாது என்றால் ஆகாதுதான். கணக்குக்குக் கோபமும் தெரியாது, தாட்சண்யமும் தெரியாது. தப்பு எங்கே நடந்தது என்றால், கோவிலை முதலில் வைத்துவிட்டு, மிச்சம் இருந்த சந்தில் நான் தண்டவாளத்தை நுழைத்தேன். மதினி கைகாட்டிய இடத்தில் வைக்கவேண்டும் என்று நீங்கள் நின்றீர்கள்.

நானே சுவருக்குப் பூசும் வால் புட்டியிலும் தீப்பெட்டி அட்டையிலும் செய்த பொம்மைக் கோவில் அது. என் கையால் செய்ததை என் கையால் நாலு விரற்கடை நகர்த்த எனக்கு உரிமை இல்லையா? வீட்டை இடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள். இரண்டு வருடம் ஓவர்டைம் இல்லாத நேரமெல்லாம் அந்தத் தகர ஷீட்டுக்கு அடியில் வெந்திருக்கிறேன். ஒரு புட்டிக் கட்டடத்துக்காக அத்தனையையும் பிரித்துப்போடுவது என்றால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையில் இப்போது நான் கூடம் ஆகிவிட்டேன்.

நம்பிராஜன்


படப்பை
17 நவம்பர் 2024

நம்பி,

நீ சொன்னபடி நட்டு ஒட்டினேன். பெட்டி கனத்தில் எஞ்சின் மூச்சு வாங்குகிறது. அட்டை கொடுத்தேன், இதுவரைக்கும் வெளிப்பக்கம் விழுந்த பெட்டி இப்போது உள்பக்கம் விழுகிறது. சக்கரம் வழுக்கிக்கொண்டு திரும்பட்டுமே என்று வளைவில் துளி தேங்காய் எண்ணெய் தடவினேன். சிரிக்காதே. எஞ்சின் அங்கேயே நின்று சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, அந்த எண்ணெயில் லாரிப் புழுதி அப்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

மழை வேறு. செம்பரம்பாக்கத்தைத் திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அன்று, ஷீட் ஒழுகி மேஜை மேலிருக்கும் நம் ஏரியிலும் தண்ணீர் நிரம்பிவிட்டது. நீ கண்ணாடி மாதிரி ஊற்றி வைத்த ஏரிக்கு மேல் நிஜத் தண்ணீர். ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். நல்லவேளை, வயர் நனையவில்லை.

இதெல்லாம் போகட்டும். உன் போன கடிதத்தை வழக்கம்போல மரகதத்துக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடி போடாமல் அவளுக்கு எழுத்துத் தெரியாது, கண்ணாடியும் போடமாட்டாள். “பொம்மைக் கோவில்” என்ற இடம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். உனக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

நம் ஊர் முக்கில் இப்போது கன்டெய்னர் லாரிகள் திரும்புகிறதே, அந்த இடத்தில்தான் எல்லையம்மன் கோவில் இருந்தது. ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் ஊர் ஆம்பிளைகளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். எதிர்ப்பக்கம் பெரிதாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். கையெழுத்துக் கேட்டார்கள், எல்லோரும் போட்டோம். நானும்தான் போட்டேன். போடாமல் என்ன செய்வது, ரோடு நமக்காக நிற்குமா?

கல்யாணமாகி வந்த நாள் முதல் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே விளக்குப் போட்டவள் மரகதம். ஒரு காலையில் எண்ணெய்த் தூக்கோடு போனாள். ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. அம்மனைச் சாக்கில் சுற்றி டிப்பர் லாரியில் ஜல்லி மேல் கிடத்தியிருந்தார்கள். சாமியை இடம் மாற்றுவதற்கு முறை இருக்கிறது. பாலாலயம் என்பார்கள். சாமியை முதலில் ஒரு செம்புத் தண்ணீரில் இறக்கி, வேறு இடத்தில் வைத்துப் பூசை செய்துவிட்டு, அப்புறம்தான் கட்டடத்தில் கை வைக்கவேண்டும். அதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. புதுக் கோவிலில் டைல்ஸ் போட்டு ஃபேன் மாட்டினார்கள். அவள் இதுவரைக்கும் உள்ளே போனதில்லை. ரோடு தாண்டப் பயமாக இருக்கிறது என்பாள், நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ மாடியில் அந்தக் கோவிலைச் செய்தபோது காபி எடுத்துவருகிற சாக்கில் வந்து நின்று, சூலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், மணிக்கு நாக்கு கிடையாது, வேப்பமரத்தில் கரண்ட் கம்பிக்காக எந்தக் கிளையை வெட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாளே, அது எந்தக் கோவில் என்று நினைத்தாய்? அதைத்தான் பேப்பரில் சுற்றி இரும்புத் துண்டோடு போட்டுவிட்டுப் போனாய்.

இரண்டு மாதமாக என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. உனக்கு இடம் கொடுத்தவன் நான் என்பதால் இருக்கும்.

திருமலை


சானந்த்
28 நவம்பர் 2024

அண்ணாச்சி,

இத்தனை நாள் கழித்து இதைச் சொல்கிறீர்கள்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற டைல்ஸ் கோவில்தான் அது, பழையதைப் புதுப்பித்திருக்கிறார்கள், மதினி பழைய தோற்றத்தைச் சொல்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அது இருந்த இடமே இல்லாமல் போனது என்று யார் எனக்குச் சொன்னார்கள்? மூன்று வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். கிணற்றை மூடி போடாமல் விட்டுவிட்டு, அதில் கால் வைத்தவனைத் திட்டுவதுபோல இருக்கிறது. எனக்கும் கோபம் வரும் அண்ணாச்சி. உங்களுக்கு மட்டும்தான் வரவேண்டும் என்று இல்லை.

கடிதம் வந்த அன்று பிளான்ட் லைனில் ஒரு ரோபோ கை நடுவில் நின்றுவிட்டது. சென்சார் மாற்றவேண்டியதற்கு வயரை மாற்றிவிட்டேன். சூப்பர்வைசரிடம் இந்தியில் திட்டு வாங்கினேன். முழுக்கப் புரியாததால் பாதிதான் வலித்தது.

வளைவு வளைவாகத்தான் இருக்கிறது. கோவில் அங்கே இருந்தால் வண்டி திரும்பாது, கோவிலைத் தொட்டால் மதினி முகம் திரும்பாது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். பிரித்துவிடுங்கள். கோவிலை மட்டும் பலகையோடு மதினியிடம் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் இரண்டையும் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்புங்கள், மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அறையை வாடகைக்கு விட்டால் ஷீட்டை மாற்றிவிட்டு விடுங்கள். வெயிலில் அந்தப் பையன்கள் செத்துப்போவார்கள்.

நம்பிராஜன்


படப்பை
15 டிசம்பர் 2024

டேய் நம்பி,

பிரித்துவிடுங்கள் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? நீ மட்டுமா வெந்தாய்? காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்கிவிட்டு, கண் எரிய வந்து ஒவ்வொரு தண்டவாளக் கட்டையாக எண்ணி ஒட்டியவன் யார்? டைம்டேபிளை எழுதி எழுதிக் கிழித்தவன் யார்? எஞ்சின் மட்டும் வேண்டுமாம், பஞ்சு வைத்துக் கட்டி. அம்மன் அவளுக்கு, எஞ்சின் உனக்கு. எனக்கு என்ன, காலி மேஜையா?

எனக்கு இந்த ரயில் எதற்கு என்று உனக்குத் தெரியாது. பதினெட்டு வருடமாக ஸ்டேஷன் வாசலிலிருந்து கம்பெனி கேட்டுக்கும், கம்பெனி கேட்டிலிருந்து ஸ்டேஷன் வாசலுக்கும் அடுத்தவன் போட்ட நேரத்துக்கு ஓட்டுகிறேன். ஐந்து நிமிடம் பிந்தினால் மெமோ. ரோடு அடைத்துக்கொண்டால் அதுவும் என் தப்பு. நான் போட்ட நேரத்துக்கு, நான் வைத்த சிக்னலுக்கு, என் வண்டி ஒரு முழு நாள் போய்ச் சேர்வதை நான் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு நாள். அது இல்லாமல் நான் பிரிக்கமாட்டேன் என்றுதான் இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் உட்கார்ந்தேன். நீ எழுதியதுபோல வளைவுக்கு முன்னாலேயே குறைத்தேன், ஒப்புக்கொள்கிறேன், அது பஸ் பழக்கம்தான். முதல் வண்டி திரும்பியது. இரண்டாவது வண்டியும் திரும்பியது. மத்தியான வண்டி ஒரகடத்தை விட்டு ஆடாமல் அசையாமல் வருகிறது. கோவில் சுவர் பக்கம் போனதும் பின்பெட்டி மெதுவாக, நாற்காலியிலிருந்து தூங்கி விழுகிறவன் மாதிரி, சாய்ந்தது. கன்ட்ரோலரைச் சுவரில் எறிந்துவிட்டேன். ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கிறது, வேலை செய்கிறது.

சத்தம் கேட்டும் அவள் மேலே வரவில்லை. கார்த்திகைக்கு வீடு முழுக்க விளக்கு வைத்தவள், மாடி அறை வாசற்படியில் ஓர் அகலை வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். உள்ளே போகவில்லை. நம்பி பிரித்துவிடச் சொல்கிறான் என்று சொன்னேன். “அவனா சொன்னான்?” என்று மட்டும் கேட்டாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி யார், பூசாரி யார் என்றே எனக்குத் தெரியவில்லை. போகி அன்றைக்குப் பிரிக்கிறேன். நீ ஜெயித்தாய்.

திருமலை


சானந்த்
25 டிசம்பர் 2024

அண்ணாச்சி,

நான் ஜெயிக்கவில்லை. இங்கே அறையில் நாலு சுவரும் ஒரு கொசுவலையும்தான் இருக்கின்றன. சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த வளைவைத்தான் போட்டுப் பார்க்கிறேன். பிரித்துவிடுங்கள் என்று எழுதியது கோபத்தில். தபாலில் போட்ட அன்றைக்கே திரும்ப வாங்கமுடியுமா என்று போய்க் கேட்டேன். தபால் ஆபீஸ் அம்மாள் குஜராத்தியில் சிரித்தாள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்துகிறது. இத்தனை கடிதத்திலும் நானும் நீங்களும் வளைவைப் பற்றிப் பேசியிருக்கிறோம், கோவிலைப் பற்றிப் பேசியிருக்கிறோம், மதினி கோபத்தைப் பற்றியும் பேசியிருக்கிறோம். மதினியிடம் யாரும் பேசவில்லை. கோவிலைத் தொடாதே என்று எனக்குச் சொன்னது நீங்கள். அவர்கள் அப்படிச் சொன்னதாக நீங்கள் ஓர் இடத்திலும் எழுதவில்லை. பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ரயில் ஒழுங்காக ஓடவேண்டும் என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் ஒரு கேள்வி. இதை நீங்கள் சொந்தமாக மாற்றாமல், இப்படியே படித்துக் காட்டுங்கள்.

மதினி, நம்பிராஜன் கேட்கிறேன். எல்லையம்மன் கோவிலை ஏரிப் பக்கமாக நாலு விரற்கடை தள்ளி வைத்துக்கொள்ளலாமா? அம்மன் முகம் இப்போது பார்க்கிற திசையையே பார்க்கும். வேப்பமரமும் கூடவே வரும். நகர்த்தவேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அது அங்கேயே இருக்கட்டும், நான் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பயணிகள் வண்டியை விட்டுவிட்டு குட்டையான சரக்கு வண்டி மட்டும் ஓட்டிக்கொள்கிறோம். அது அந்த வளைவில் திரும்பும்.

சரக்கு வண்டிக்கு டைம்டேபிள் கிடையாது அண்ணாச்சி, எனக்கும் தெரியும். உங்களுடைய அந்த ஒரு நாள் அப்போது கிடைக்காது. இருந்தாலும் அவர்கள் பதிலைக் கேட்டு எழுதுங்கள்.

நம்பிராஜன்


படப்பை
5 ஜனவரி 2025

நம்பி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ஒரு நாள் முழுக்கச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அந்தக் கேள்வியைப் படித்துக் காட்ட எனக்கு என்னவோ தயக்கமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என் டைம்டேபிள் போய்விடும் என்ற பயம்தான் அது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள். படித்தேன். வேப்பமரமும் கூட வருமா என்று கேட்டாள். வரும் என்று எழுதியிருக்கிறான் என்றேன். அவரைக்காயை முடித்து, எழுந்து, அடுப்படிக்குப் போய்விட்டாள். சரி, கதை முடிந்தது, இனி ஜல்லியும் சிமென்டும் ஏற்றி சரக்கு வண்டி ஓட்டவேண்டியதுதான் என்று நான் டீக்கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வெள்ளி. ஷிப்டு முடிந்து வந்தால் வீட்டில் ஆளில்லை. மேலே சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். தலைக்குக் குளித்து, ஈரத் துண்டு சுற்றியபடி மேஜைக்கு முன்னால் நிற்கிறாள். செம்பில் தண்ணீர், மஞ்சள், மாவிலை, மேலே தேங்காய். அந்தச் சின்னக் கோவில் வாசலில் கற்பூரம். சாம்பல் தண்டவாளத்தில் விழாமல் கீழே ஒரு தட்டு வைத்திருந்தாள். பூசாரியும் இல்லை, மந்திரமும் இல்லை. என்னை ஜன்னல் பக்கம் நகரச் சொன்னாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். அம்மனிடம்தான் பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. கோவிலைத் தொட்டுக் கையைச் செம்பின் மேல் வைத்தாள். பிறகு செம்பைத் தூக்கி ஜன்னல் மாடத்தில் வைத்து, பூ போட்டாள். ஊர் செய்யாத பாலாலயத்தை அவள் அங்கே செய்துவிட்டாள்.

இந்த அறை பொங்கலுக்குப் பிறகும் ரயிலுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். நீ லீவு போட்டுவிட்டு வா. வளைவை நான் தொடமாட்டேன், அது உன் கணக்கு. வளைவு முடிந்ததும் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் செய்யவேண்டுமாம். கட்டியவன் இல்லாமல் செய்யக்கூடாது என்கிறாள். அதுவரைக்கும் அம்மன் செம்பில்தான். தினம் தண்ணீர் மாற்றுகிறாள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்து நடந்ததையும் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றுகிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

செம்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. உன்னைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்து, ‘சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான், விடு’ என்று நான் முந்திக்கொண்டேன்.

“அவன் கேட்டுட்டானே” என்றாள். “அன்னிக்கு ரோட்டுக்குக் கையெழுத்துப் போடக்கொள்ள ஒரு வார்த்த என்னைக் கேட்டிருந்தா, வேணாம்னா சொல்லியிருப்பேன்? நானே அம்மன செம்புல எறக்கி, தலையில வெச்சிக்கினு, முன்னால நடந்திருப்பேன். இன்னா பண்றது, யாரும் கேக்கல.”

ஊர்க்காரர்களைச் சொல்கிறாயா என்றேன்.

“உங்களத்தான் சொல்றேன்.”

கீழே ரோட்டில் ஷிப்டு பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் அலமாரியைத் திறந்து, நீ விட்டுப்போன பிளேடை எடுத்து என் கையில் கொடுத்து, கோவிலின் அடிப்பலகையைக் காட்டினாள். பக்கத்திலேயே நின்று பலகையைப் பிடித்துக்கொண்டாள். நான் அறுத்தேன்.

திருமலை